மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் செய்யும் உறுப்பினர்கள் அனுபவம் பகிர்ந்துகொண்ட நிகழ்ச்சியில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை சுதந்திர தினத்துக்குப் பேசி, பாதியில் மறந்துபோய் அழுதுட்டு இறங்கிட்டேன். இன்னிக்கு மறந்துபோனால் நீங்கள்தான் எடுத்துக் கொடுக்கணும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "அழகுக்கலைத் தொழிலில் என் அனுபவம்". எவ்வளவு கடன் வாங்கினேன், எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று சொல்லச் சொன்னாங்க. சுருக்கமாகச் சொல்லிடறேன். திருவண்ணாமலையில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு மாதம் இலவசமாகக் கற்றுக்கொண்டேன். குழுக்கடனில் என் பங்கு 40,000 ரூபாய். அதில் ஒரு சேர், பெரிய கண்ணாடி, ஸ்டீமர், சாமான் வாங்கி, வீட்டு முன்னறையையே கடையாக்கினேன். கடன் அடைந்து, இரண்டாவது கடனும் ஓடிக்கிட்டு இருக்கு. சம்பாத்தியக் கதை அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேற. பயிற்சியில் புருவம் எடுக்க, ஃபேஷியல் பண்ண, மணப்பெண் ஜடை போட எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனால் கடைக்கு வருகிறவங்க என்னென்ன கேட்பாங்க, அதுக்கு என்ன பதில் சொல்லணும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கலை. குழுவில் சேர்ந்த பிறகு பத்துப் பேர் முன்னாடி "எனக்குக் கடன் வேணும்" என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். "மாட்டேன்" என்று சொல்ல யார் கற்றுக் கொடுத்தாங்க? அதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கிட்டேன்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. கடை ஆரம்பித்த புதுசில் எங்க தெருப் பாட்டி ஒருத்தர் வந்தாங்க. "பாப்பா, எனக்குத் தலைக்கு வெள்ளை அடிச்சு விடு" என்றாங்க. எல்லாரும் நரைத்ததைக் கருப்பாக்கச் சொல்லுவாங்க. இவங்களுக்கு அறுபதைத் தாண்டியும் முடி கருகருன்னு இருக்கு. என்ன விஷயம் என்று கேட்டால், முதியோர் உதவித்தொகைக்கு போட்டோ எடுக்கப் போறாங்களாம். போட்டோவில் வயசு கம்மியாகத் தெரிந்தால் மனுவைத் தள்ளிடுவாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. "ஆதார் கார்டுல இருக்கிற வயசுதான் கணக்கு பாட்டி, முடியை யாரும் எண்ண மாட்டாங்க" என்று சொல்லி, நன்றாகத் தலை சீவி, கொண்டை போட்டு அனுப்பினேன். வயசைக் கூட்டிக் காட்டச் சொல்லி என்னிடம் ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்னிக்குக் குடும்பத்தோடு சிரித்தோம். இரண்டாவது தடவை ஒருத்தர் அப்படிக் கேட்டப்போ சிரிக்க முடியலை. அதை அப்புறம் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி நான் பண்ணின தப்பைச் சொல்லணும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடி ஒரு பெண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. மாநிறம், லட்சணமான முகம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லிட்டாங்களாம். அத்தைக்காரம்மா, "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, வெள்ளையாக்கி விடு" என்றாங்க. ப்ளீச் போட்டால் தோல் வெளுக்காது. முகத்தில் இருக்கிற பூனைமுடிதான் நிறம் மாறும், அதனால் முகம் பளிச்சென்று தெரியும். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்னிக்கு நான் அதைச் சொல்லலை. நல்ல ஆர்டர், கைவிட்டுப் போயிடுமோ என்று பயம். காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கணும் என்று பயிற்சியில் சொன்னதையும் நேரம் இல்லை என்று விட்டுட்டேன்.

போட்டு ஐந்து நிமிஷம் ஆகலை, "அக்கா எரியுது, எரியுது" என்றது அந்தப் பெண். துடைத்துப் பச்சைத் தண்ணியில் கழுவினால் முகம் முழுக்கச் செக்கச்செவேல் என்று வீங்கிடுச்சு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டரம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இந்தப் பொண்ணு முகத்துக்கு இதுக்கு முன்னாடி என்ன கிரீம் போட்டிருந்ததுன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கலை. அந்தப் பெண் மூன்று மாசமாக யாரோ சொன்னாங்கன்னு ஒரு ட்யூப் மருந்தை வாங்கி முகத்தில் தடவிக்கிட்டு இருந்திருக்கு. அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. சில தோல் நோய்க்கு டாக்டர் பார்த்துச் சில நாள் போடச் சொல்லுகிற மருந்து. அதை முகத்தில் தினமும் போட்டால் முதலில் வெள்ளையாகிற மாதிரி தெரியும். அப்புறம் தோல் மெலிந்துபோகும், பரு வரும், முடி வளரும், வெயிலில் போனாலே எரியும். நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகும். அதனால் விடவும் முடியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கு. மெலிந்துபோன அந்தத் தோல் மேல்தான் நான் ப்ளீச் போட்டிருக்கேன்.

கல்யாணம் நின்றுபோகலை. ஆனால் மணமேடையில் அந்தப் பெண் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்ததை நான் மறக்கலை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுத்தேன். அந்த முகூர்த்த மாசம் முழுக்க எனக்கு வேறு ஆர்டர் வரலை. வந்திருந்தாலும் எனக்குக் கை ஓடியிருக்காது.

அதுக்கப்புறம் நான் வைத்திருக்கிற முறையைச் சொல்றேன், தொழில் செய்கிற சகோதரிகள் குறித்துக்குங்க. முகத்தில் கை வைக்கிறதுக்கு முன்னாடி, "வீட்டில் என்ன கிரீம் போடறீங்க, எடுத்துக்கிட்டு வாங்க" என்று கேட்பேன். தயாரித்த கம்பெனி பெயர், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி இல்லாத டப்பா என்றால் "இதை நிறுத்துங்க, தோல் டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிடுவேன். வெள்ளையாக்கும் என்று விற்கிற சில கிரீமில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் போட்டவங்களுக்கே சிறுநீரக நோய் வந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்துப் பேப்பரில் எல்லாம் வந்தது. ப்ளீச்சோ, தலைக்கு டையோ, முதலில் காதுக்குப் பின்னாடியோ முழங்கை உள்பக்கமோ தடவிப் பார்க்காமல் போடுவதில்லை. டை என்றால் இரண்டு நாள் பார்ப்பேன். கல்யாணத்துக்கு ஒரு வாரத்துக்குள் புதுசாக எதையும் முகத்தில் போட மாட்டேன். "அரை மணி நேரத்தில் கருப்பாகச் சிவக்கிற கோன் போடு" என்று கேட்டாலும் போட மாட்டேன். நல்ல மருதாணி அப்படிக் கருக்காது. இன்னிக்கு வைத்தால் நாளைக்குத்தான் நன்றாகச் சிவக்கும்.

"நிறத்தை என்னால மாத்த முடியாதும்மா. உங்க நிறத்தை அழகாகக் காட்ட முடியும்." இதைத்தான் இப்போ எல்லாரிடமும் சொல்றேன். ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் பார்க்காமல் தாடை ஓரத்தில் தடவி, தோலோடு கலக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறேன். இரண்டு நிறம் கூட்டிப் போட்டால் போட்டோ லைட்டில் சாம்பல் பூசின மாதிரி தெரியும். இதைச் சொன்னதும் எழுந்து போனவங்களும் உண்டு. போகட்டும்.

அடுத்தது நம்மில் பலபேருக்கு நடக்கிறது, வெளியில் சொல்லுவதில்லை. கடை போர்டில் போன் நம்பர் எழுதினேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வர ஆரம்பித்தது. "மசாஜ் உண்டா, வீட்டுக்கு வருவீங்களா" என்று ஆம்பளைக் குரல். முதல் தடவை போனைத் தூக்கிப் போட்டுட்டு அழுதேன். வீட்டுக்காரரிடம் சொன்னால் கடையை மூடச் சொல்லிடுவாரோ என்று மூன்று மாசம் மறைத்தேன். கடைசியில் குழுக் கூட்டத்தில் சொன்னேன். சொன்னதும் தையல் கடை வைத்திருக்கிற அக்கா, "எனக்கும்தான்" என்றாங்க. இன்னொரு அக்காவும் சொன்னாங்க. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்.

இப்போ கடைக்குத் தனி நம்பர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடுவேன். போர்டில் "பெண்களுக்கு மட்டும்" என்று பெரிசாக எழுதியாச்சு. மணப்பெண் அலங்காரத்துக்கு வெளியூர் போனால் கூட ஒரு ஆள் இல்லாமல் போவதில்லை, அந்த வீட்டுப் பெண்களோடு பேசாமல் முன்பணம் வாங்குவதில்லை. தொந்தரவு தொடர்ந்தால் 181-க்குப் போன் பண்ணலாம், பெண்களுக்கான இலவச உதவி எண். கடையை மூடச் சொல்லுவார் என்று நான் பயந்த வீட்டுக்காரர்தான் அந்த போர்டையே எழுதிக் கொடுத்தார்.

எல்லாக் கேள்விக்கும் மாட்டேன் சொல்றவ என்று என்னை நினைச்சுடாதீங்க. செய்யத் தெரியாமலே "செய்றேன்" என்று ஒத்துக்கிட்ட ஒன்றையும் சொல்றேன்.

ஒரு நாள் பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம், ஒரு அம்மா தலையில் முக்காடு போட்டுக்கிட்டுப் பின்வாசல் வழியாக வந்தாங்க. புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. தலைமுடி போயிடுச்சு, புருவமும் போயிடுச்சு. "பையனுக்குக் கல்யாணம்மா. சவுரி வாங்கி வச்சுட்டேன். ஆனா கண்ணாடியைப் பார்த்தா வேற யாரோ மாதிரி இருக்கு. போட்டோவுல நான் நானா தெரியணும்" என்றாங்க.

புருவம் எடுக்கிறதுதான் என் தொழில். இல்லாத புருவத்தை வைக்க எனக்குத் தெரியாது. அவங்க டாக்டரிடம் முதலில் கேட்டு வரச் சொன்னேன். அந்தச் சிகிச்சையில் கிருமி சீக்கிரம் தொற்றும், தோலும் பச்சைப் பிள்ளை தோல் மாதிரி இருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதனால் நூல் இல்லை, வேக்ஸ் இல்லை, ப்ளீச் இல்லை. அவங்களுக்கென்று புதுசாகப் பென்சில், பிரஷ், பஞ்சு வாங்கி, வேலை முடிந்ததும் அவங்களிடமே கொடுத்துட்டேன். பழைய போட்டோ ஒன்று கொண்டுவரச் சொன்னேன். மூக்கோரத்தில் நேராக மேலே நூல் பிடித்தால் புருவம் ஆரம்பிக்கிற இடம். மூக்கோரத்திலிருந்து கண்ணின் வால் வழியாகச் சாய்த்துப் பிடித்தால் முடிகிற இடம். அந்தக் கணக்கு வைத்து, கோடாகப் போடாமல் ஒவ்வொரு முடியாக வரைந்தேன். மூன்று நாள் ராத்திரி வரைந்து அழித்து, அழித்து வரைந்து பழகினோம். அந்தம்மா பழைய போட்டோவில் இடது புருவம் கொஞ்சம் உயரமாக இருந்தது. அதையும் அப்படியே வைத்தேன். கண்ணாடியைப் பார்த்து, "இது நான்தான்" என்றாங்க.

கல்யாணத்தன்று முன்வாசல் வழியாக, சொந்தக்காரங்களோடு என் கடைக்கு வந்தாங்க. சிகிச்சை முடிந்து சில மாசத்தில் முடியும் புருவமும் முளைத்துவிட்டது. இப்போ அந்தப் புருவத்தை நான்தான் எடுத்து விடறேன். காசு வாங்கச் சொல்லித் திட்டுறாங்க, வாங்கிக்கிறேன்.

இனி அந்த இரண்டாவது கதை.

சித்திரை கடைசியில் ஒரு அக்கா வந்தாங்க. நம் ஊராட்சியிலேயே வேறொரு குழுவில் இருந்தவங்க. வைகாசியில் முகூர்த்தம், கோயிலில் வைத்து எளிமையாகப் பண்றோம் என்று 2,000 ரூபாய் முன்பணத்தை மேஜையில் வைத்தாங்க. "மேக்கப் கொஞ்சம் பெரிய பொண்ணா தெரியற மாதிரி போடணும். போட்டோ எதையும் ஸ்டேட்டஸ்ல வச்சிடாதே" என்றாங்க.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்னாடி மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அலங்காரம் பண்ணினதே நான்தான். அப்போ எட்டாவது. இப்போ பத்தாவது பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கு. வயசு பதினைந்து.

நான் உடனே மாட்டேன் சொல்லலை. இதை மறைக்காமல் சொல்லணும். மொத்தம் 8,000 ரூபாய் ஆர்டர். அந்த மாசத் தவணை கட்ட வேண்டியிருந்தது. புத்தி யோசிக்கிறதுக்குள் கை பணத்தை வாங்கிடுச்சு. மூன்று நாள் அந்தப் பணம் பீரோவில் அப்படியே இருந்தது. வீட்டுக்காரர், "ஊர்ல நடக்காததா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டேன்.

நாலாவது நாள் புருவம் எடுக்க அந்தப் பெண்ணைக் கூட்டி வந்து விட்டுட்டு அம்மாக்காரங்க கடைக்குப் போயிட்டாங்க. சேரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. நான் நூலை வாயில் வைத்துக் குனிந்தேன். "அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா" என்றது. கேளு என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் ரிசல்ட் வந்தா, பதினொண்ணாவது சேர பாரத்துல யாரு கையெழுத்துப் போடணும்? எங்க அம்மாவா, அவரா?"

நூல் அறுந்துபோச்சு. எனக்குப் பதில் தெரியலை. "இன்னிக்குப் புருவம் வேணாம் பாப்பா, எழுந்திரு" என்று சொல்லிட்டேன்.

அம்மாக்காரங்க வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணுக்கு 18 வயசு முடியாமல் கல்யாணம் பண்ணினால் 2006-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், நடத்தி வைக்கிறவங்களுக்கு 2 வருஷம் வரைக்கும் சிறை, 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் என்று சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜ் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருமே என்றும் சொன்னேன். அவங்க உட்கார்ந்து அழுதாங்க. "மூத்தவ ஒருத்தனோட போன அன்னிக்கு இந்த ஊர் எங்களைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியுமா? இவளும் போயிட்டா நான் எந்தக் கிணத்துல விழறது? மாப்பிள்ளை என் கூடப்பிறந்தவன்தான், நல்லா வச்சுக்குவான்" என்றாங்க. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கிட்டு, "நீ போடலைன்னா டவுன்ல ஆளா இல்ல?" என்று கேட்டுட்டுப் போயிட்டாங்க.

அந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கிட்டேன். அது உண்மைதானே? வெள்ளையாக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லலாம், அதோடு என் வேலை முடிந்தது. இதில் நான் மாட்டேன் சொன்னால் என் கை மட்டும்தான் சுத்தம். அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறத்தான் போகுது.

எங்க ஊக்குநர் அக்காவிடம் கேட்டேன். "நம்ம உறுப்பினர் குடும்பம்மா, குழு உடைஞ்சுடும், யோசிச்சுப் பண்ணு" என்றாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய் 1098-க்குப் போன் பண்ணினேன். குழந்தைகளுக்கான இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. பெண்ணின் பெயர், பள்ளிக்கூடம், எந்தத் தேதி, எந்தக் கோயில் என்று கேட்டாங்க. என் பெயரை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றாங்க. வைத்த பிறகு கை நடுக்கம் நிற்கவே இல்லை.

சமூக நலத் துறையிலிருந்தும் போலீஸிலிருந்தும் வந்தாங்க. பெற்றோரிடம், பதினெட்டு வயசு முடியாமல் கல்யாணம் பண்ண மாட்டோம் என்று எழுதி வாங்கினாங்க. அந்தப் பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன்னாடி கூட்டிப் போய் விசாரித்தாங்க. கல்யாணம் நின்னுது.

அவங்க என் பெயரைச் சொல்லலை. ஆனால் ஊருக்கு யார் சொல்லணும்? பணத்தைத் திருப்பிக் கொடுத்தவ நான்தானே. அந்த அக்கா என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாங்க. அந்தத் தெருவிலிருந்து ஒருத்தரும் கடைக்கு வரலை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் போர்டு கிழிந்து கிடந்தது. "நான் சொன்னேனே" என்று வீட்டுக்காரர் சொல்லலை, அது வரைக்கும் அவர் பெரிய மனுஷர். அடுத்த மாசத் தவணை என்னால் கட்ட முடியலை. எங்க குழுவில் எல்லாரும் சேர்ந்து எனக்காகப் போட்டுக் கட்டினாங்க. யோசிச்சுப் பண்ணு என்று சொன்ன ஊக்குநர் அக்காதான் முதலில் 500 ரூபாய் எடுத்து வைத்தாங்க.

அதோடு அவங்க விடலை. அந்த அக்கா குழுவுக்கு வராமல் நின்றுட்டாங்க. ஊக்குநர் அக்காவும் அவங்க குழுத் தலைவியும் நாலு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்பவும் கூட்டத்துக்கு அழைத்து வந்தாங்க. கல்யாணத்துக்காக வெளியில் வட்டிக்கு வாங்கின கடனை அடைக்க அவங்க குழுவிலேயே உள்கடன் கொடுத்தாங்க. போன் பண்ணினது நான். அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தது குழு. அது நடக்கலை என்றால் நான் பண்ணினது பாதி வேலைதான்.

அந்தத் தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பயத்தில் பண்ணினாங்க. இன்னிக்கும் என்னிடம் பேசுவதில்லை. அந்தப் பெண் பத்தாவது பாஸ் பண்ணி, இப்போ பன்னிரண்டாவது படிக்குது. காலையில் பஸ் என் கடையைத் தாண்டித்தான் போகும். சில நாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். சில நாள் பார்க்காத மாதிரி போயிடும். எனக்கு இரண்டும் சரிதான்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஒரு கல்யாணம் நடக்கப் போவது அதிகாரிகளுக்குக் கடைசியில்தான் தெரியும். முதலில் யாருக்குத் தெரியும்? ஜாக்கெட் தைக்கிறவங்களுக்கு, பூக் கட்டுறவங்களுக்கு, சமையலுக்குப் போறவங்களுக்கு, அலங்காரம் பண்றவங்களுக்கு. இதில் பாதிப்பேர் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கோம். நம் ஊராட்சியில் பார்லர் வைத்திருக்கிற நாங்கள் நாலு பேரும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம். ஆர்டர் நோட்டில் பெயர், தேதி, முன்பணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கோம். பெண்ணின் பிறந்த தேதி. ஆதாரைப் பார்த்து அதை எழுதின பிறகுதான் முன்பணம் வாங்குவோம். நாலு பேரும் ஒரே மாதிரி கேட்டால் "வேற ஆளா இல்ல" என்ற பேச்சே வராது. யாரும் தனியாகக் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை. இதைக் கூட்டமைப்புத் தீர்மானமாகவே போட்டு, தையல், பூ, சமையல் குழுக்களுக்கும் சொல்லணும் என்று தலைவி அம்மாவைக் கேட்டுக்கிறேன்.

நம்மிடம் வருகிறவங்க என்ன வேணும்னாலும் கேட்பாங்க. செய்யக்கூடியதை, தெரியலை என்றாலும் கற்றுக்கிட்டுச் செய்வோம். செய்யக்கூடாததை மாட்டேன் என்று சொல்லுவோம். மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாத இடம் ஒன்று வரும். அப்போ தனியாக நிற்காமல் குழுவிடம் வாங்க. நான் மாட்டுக்கொட்டகையில் நின்று நடுங்கின மாதிரி இன்னொருத்தர் நடுங்க வேண்டாம்.

பாதியில் மறக்காமல் பேசி முடிச்சுட்டேன்.